பத்தாயிரம் நாற்காலிகள்

ஃபால்கர்க் என்ற ஊரின் பெயர் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. 'பிரேவ்ஹார்ட்' படம் பார்த்தவர்களுக்கு வில்லியம் வாலஸ் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டிடம் தோற்றுப்போகும் போர் நினைவிருக்கலாம். 1298ல் அது நடந்தது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவில், ரயிலில் போகிறவர்கள் இறங்காமல் கடந்து போகிற ஊர். கால்வாய்ப் படகுகளைத் தொட்டியோடு தூக்கிச் சுழற்றி மேலே விடும் ராட்சதச் சக்கரம் ஒன்றை 2002ல் இங்கே திறந்தார்கள். ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் நானும் வேலை கிடைத்து இங்கே குடி வந்தேன்.

எனக்குக் கால்பந்தில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு கால்பந்து பற்றிப் பேசாமல் காலம் தள்ள முடியாது. மழையைப் பற்றி எத்தனை நாள்தான் பேசுவது? என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஃபால்கர்க் கிளப்பின் ரசிகர். அவருடைய அப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். 1876ல் தொடங்கிய கிளப் அது. 1885 முதல் பிராக்வில் என்ற மைதானத்தில் ஆடிவந்தது. ஊரின் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு இடையில் செருகி வைத்த மாதிரி ஒரு மைதானம். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை கோல் விழுந்தால் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பவருக்குக் கேட்கும்.

2003 வசந்தத்தில் ஃபால்கர்க் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பிரிவில் முதலிடம் என்றால் மேலே பிரீமியர் லீக்குக்குப் போகலாம். ஆனால் போகவில்லை. பந்தை உதைத்து ஜெயித்ததை நாற்காலிக் கணக்கு ரத்து செய்துவிட்டது. பிரீமியர் லீக்கில் ஆட வேண்டுமானால் மைதானத்தில் 10,000 இருக்கைகள் இருக்க வேண்டும் என்பது விதி. பிராக்வில்லில் அது இல்லை. அதனால் பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் வந்த மதர்வெல் இறங்காமல் அங்கேயே நின்றது. முதலிடம் வந்தவன் ஏறவில்லை, கடைசியில் வந்தவன் இறங்கவில்லை. அந்த வருஷம் ஆடியதற்கே அர்த்தமில்லாமல் போனது.

அப்போது வாரம் ஒருமுறை ஊருக்கு ஃபோன் பேசுவேன். அப்பா கேட்டார், "அங்க என்னடா விசேஷம்?" நான் சொன்னேன், "எங்க ஊர் டீமுக்கு ப்ரமோஷன் வர வேண்டியது, கொடுக்கலப்பா." அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. ப்ரமோஷன் பற்றி எல்லாம் தெரியும். உடனே சுவாரஸ்யமாகிவிட்டார்.

"என்ன காரணம் சொன்னான்? துறைத் தேர்வு எழுதலையா?"

"அந்த மாதிரிதான். மைதானத்துல பத்தாயிரம் சீட் இருக்கணுமாம்."

"சரி, அந்த ரூலைப் போட்டது யாரு?"

"மேல இருக்கற கிளப்புங்கதான்."

அப்பா சிரித்தார். "அப்புறம் என்னடா கேள்வி?" என்றார்.

நான் அதற்குப் பிறகு படித்ததும் பார்த்ததும் கேட்டதும் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். ரூலைப் போட்டது யார்? யாருக்காக? ரூல் என்று ஒன்று இருப்பதே அநியாயமா, இல்லை அதை எழுதிய விதம் அநியாயமா?

*

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம் தேவை. ஐபிஎல்லில் ஒரு அணி கடைசி இடத்தில் வந்தால் அடுத்த வருஷமும் அதே ஐபிஎல்லில்தான் ஆடும். ரசிகர்கள் திட்டுவார்கள், கேப்டனை மாற்றுவார்கள், அவ்வளவுதான். ஐரோப்பியக் கால்பந்து அப்படியல்ல. அது மாடிப்படி. கீழே ஜெயித்தவர் மேலே ஏறுவார், மேலே தோற்றவர் கீழே இறங்குவார். ஒரு கிராமத்துக் கிளப் வருஷம் வருஷமாக ஜெயித்துக்கொண்டே வந்தால், ஏட்டளவிலாவது, ஒருநாள் கிளாஸ்கோவின் செல்டிக்கோடு ஆடலாம். அந்த ஏட்டளவுச் சாத்தியம்தான் சின்ன ஊர்களில் மழையில் நனைந்துகொண்டு ஐந்நூறு பேரை நிற்க வைக்கிறது.

ஸ்காட்லாந்தில் தேசிய அளவில் 42 கிளப்கள். மேலே 12, அதற்குக் கீழே பத்துப் பத்தாக மூன்று பிரிவுகள். 1998ல் மேலிருந்த பத்துக் கிளப்கள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக் என்று தனியாக ஆரம்பித்தன. தொலைக்காட்சிப் பணம் முக்கியக் காரணம். அந்தப் புது வீட்டுக்கு வாசல்படியாக வைத்ததுதான் 10,000 இருக்கை.

இதன் பின்னால் நியாயமான ஒரு துக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் இறந்தார்கள். 1985ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மர மாடம் தீப்பிடித்து 56 பேர். 1989ல் ஹில்ஸ்பரோவில் கம்பிவேலியில் நசுங்கியவர்களில் இறந்தவர் எண்ணிக்கை கடைசியில் 97. அதற்குப் பிறகு நீதிபதி டெய்லரின் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோரும் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் மேல் பிரிவுகளுக்கு அது சட்டத்தின் பலத்தோடு வந்தது. ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. இங்கே அது லீக் தானாகப் போட்டுக்கொண்ட விதி.

உயிர் முக்கியம், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உட்கார வேண்டும் என்பது ஒன்று, 10,000 பேர் உட்கார இடம் வேண்டும் என்பது வேறு. நாலாயிரம் பேர் வருகிற ஊரில் பத்தாயிரம் நாற்காலி போட்டால் ஆறாயிரம் நாற்காலிகள் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். பெர்த் நகரத்தின் செயின்ட் ஜான்ஸ்டன் கிளப்புக்கு 1989லேயே கட்டிய, பத்தாயிரத்துக்கு மேல் இருக்கை உள்ள நல்ல மைதானம் இருக்கிறது. செல்டிக்கோ ரேஞ்சர்ஸோ வராத நாளில் அதில் பாதி நிறைவது அபூர்வம். பாதுகாப்பு என்ற பெயரில் வந்த விதியில் எண்ணிக்கை எப்போது நுழைந்தது, எதற்கு நுழைந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

*

அந்த எண்ணிக்கையின் விலை என்ன என்று பார்க்க ஏர்ட்ரிக்குப் போக வேண்டும். ஃபால்கர்க்கிலிருந்து காரில் அரை மணி நேரம். ஏர்ட்ரியோனியன்ஸ் 1878ல் தொடங்கிய கிளப். 1994ல் அவர்கள் தங்கள் பழைய ப்ரூம்ஃபீல்டு மைதானத்தை ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்றார்கள். புது மைதானம் தயாராகும்வரை நாலு பருவம் வேறு ஊரில் வாடகை மைதானம். 1998ல் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கைகளோடு புது மைதானம் திறந்தது. பிரீமியர் லீக் கேட்ட அளவு. அவர்களுடைய வழக்கமான கூட்டத்தைப்போலப் பல மடங்கு.

2002ல் ஏர்ட்ரியோனியன்ஸ் தன் பிரிவில் இரண்டாவது இடத்தில் முடித்தது. அதே மே மாதம் கடன் தாங்காமல் கிளப் கலைக்கப்பட்டது. 124 வருஷக் கிளப். காரணம் ஒன்று மட்டுமல்ல, நிர்வாகக் கோளாறுகள் நிறைய இருந்தன. ஆனாலும் கூட்டத்துக்கு ஏற்ற மைதானம் கட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறகு வேறொரு நொடித்துப்போன கிளப்பான கிளைட்பேங்க்கின் இடத்தை வாங்கி, ஏர்ட்ரி யுனைடெட் என்று புதுப் பெயரில் அதே மைதானத்தில் ஆட ஆரம்பித்தார்கள்.

இப்போது 2003க்கு வருவோம். பிராக்வில் போதாது என்பது ஃபால்கர்க்குக்குத் தெரியும். புது மைதானத்துக்குத் திட்டம் போட்டாகிவிட்டது. கட்டி முடிக்கும்வரை பக்கத்து ஊரான ஏர்ட்ரியில், பத்தாயிரத்துக்கு மேல் இருக்கை உள்ள அந்த மைதானத்தில், வாடகைக்கு ஆடிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். பிரீமியர் லீக் ஒப்புக்கொள்ளவில்லை.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. விதி கேட்ட அளவுக்கு ஒரு கிளப் நாற்காலி போட்டு, கடனில் மூழ்கிச் செத்தது. அந்த நாற்காலிகளில் உட்கார வைக்கிறோம் என்று இன்னொரு கிளப் வந்து நின்றபோது அதுவும் செல்லாது என்றார்கள்.

ஃபால்கர்க்குக்கு இது முதல் தடவையும் இல்லை. 2000ல் பிரீமியர் லீக்கைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கினார்கள். மேல் பிரிவில் கடைசியாக வந்த அபர்டீன், கீழ்ப் பிரிவில் இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களோடு ஒரு தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது. மூன்றாவது வந்தது ஃபால்கர்க். மைதானம் சரியில்லை என்பதால் அந்தச் சுற்றே நடக்கவில்லை. அபர்டீன் தப்பித்தது.

*

என் அலுவலகத்தில் ஒரு மதர்வெல் ரசிகர் இருந்தார். மதிய உணவு நேரத்தில் நான் இந்தப் பேச்சை எடுத்தால் அவர் முகம் இறுகும். அவர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அதில் வலு இருக்கிறது.

"1998லேயே விதி தெரியும்தானே? அஞ்சு வருஷம் இருந்துச்சு. நாங்க காசு செலவழிச்சு ஃபர் பார்க்கைச் சரி பண்ணினோம். பண்ணாதவங்களுக்காக நாங்க ஏன் இடத்தைக் காலி பண்ணணும்?" என்பார். மதர்வெல் அப்போது திவால் நிர்வாகத்தின் கீழ் இருந்தது. ஆட்டக்காரர்கள் பலரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த நிலையில் கீழே இறங்கியிருந்தால் கிளப்பே போயிருக்கும் என்பது அவர் வாதம். பிழைத்த மதர்வெல் சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் முதல் ஆறு இடங்களுக்குள் வந்தது. இன்று அந்தக் கிளப்பின் பெரும்பங்கு ரசிகர்கள் கையில். அவர் சொல்வதைக் கேட்கும்போது, ஒரு அநியாயத்தால் பிழைத்தவர்கள் எல்லாம் கெட்டவர்கள் இல்லை என்பது புரியும்.

ஆனால் அவருக்குப் பதில் சொல்லவும் முடியும். மேலே இருக்கிறவனுக்குத் தொலைக்காட்சிப் பணம் வருகிறது, அதை வைத்து மைதானம் கட்டுகிறான். கீழே இருக்கிறவன் மேலே வந்தால்தான் அந்தப் பணம் வரும், மேலே வர மைதானம் வேண்டும். வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க வேலை வேண்டும் என்று நம் ஊர் விளம்பரங்களில் பார்த்ததுதான்.

அப்பாவுக்கு இது உடனே புரிந்ததற்குக் காரணம் உண்டு. அவர் துறைத் தேர்வை முதல் முயற்சியிலேயே எழுதித் தேறியவர். ஆனால் அடுத்த பதவிக்கு மாவட்ட அலுவலகத்தில் இத்தனை வருஷம் வேலை செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றல் கிடைப்பதோ ஏற்கெனவே அங்கே யாரையாவது தெரிந்தவர்களுக்குத்தான். அவர் தாலுகாவிலேயே ஓய்வு பெற்றார். "தகுதி இல்லைன்னு யாரும் சொல்லலடா, தகுதிக்கு முந்தின தகுதி இல்லைன்னாங்க" என்று ஒருமுறை சொன்னார். ஃபால்கர்க்கின் கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

*

அடுத்த வருஷம், 2004. இந்த முறை முதலிடம் இன்வர்னஸ் கலிடோனியன் திசில். வடக்கே ஹைலண்ட் பகுதியின் தலைநகரத்தில், 1994ல் இரண்டு பழைய உள்ளூர்க் கிளப்களை இணைத்து உருவாக்கிய அணி. பத்தே வருஷத்தில் உச்சிக்கு வந்துவிட்டது. மைதானம் கடலோரமாக அழகான ஒன்று. இருக்கைகள் போதாது.

அவர்கள் அபர்டீனின் பிட்டோட்ரி மைதானத்தில் ஆடிக்கொள்கிறோம் என்றார்கள். சாலை வழியாக 160 கிலோமீட்டருக்கு மேல். முதல் ஓட்டெடுப்பில் மறுத்தார்கள். பிறகு மறுபடி ஓட்டெடுத்து ஒப்புக்கொண்டார்கள். போன வருஷம் அரை மணி நேரத் தொலைவில் இருந்த ஏர்ட்ரி கூடாது, இந்த வருஷம் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கும் அபர்டீன் பரவாயில்லை. இறங்க வேண்டியிருந்த பார்ட்டிக் திசில் முறையிட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. பார்ட்டிக் ரசிகர்கள் கேட்டார்கள்: மதர்வெல்லைக் காப்பாற்றிய விதி எங்களை மட்டும் ஏன் காப்பாற்றவில்லை? ஃபால்கர்க் ரசிகர்களும் கேட்டார்கள்: எங்களைத் தடுத்த விதி இவர்களை மட்டும் ஏன் தடுக்கவில்லை? இரண்டு எதிர்த்தரப்புகளும் ஒரே கேள்வியைக் கேட்கும்படி நடந்துகொள்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

இன்வர்னஸ் ரசிகர்கள் தங்கள் 'சொந்த மைதான' ஆட்டத்துக்கு வாராவாரம் பஸ் பிடித்து அபர்டீனுக்குப் போனார்கள். அரைப் பருவம் அப்படி ஓடியது. இதற்குள் லீக் மனம் மாறி 10,000 என்பதை 6,000 ஆக்கியது. உடனே இன்வர்னஸ் மளமளவென்று இரண்டு மாடங்கள் கட்டி, 2005 ஜனவரி கடைசியில் சொந்த ஊரில் ஆடத் தொடங்கியது. உள்ளே விட்டால் கட்டுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே 2005ல் ஃபால்கர்க்கும் ஒருவழியாக மேலே வந்தது. பிராக்வில்லை விற்று, ஒரு வருஷம் பக்கத்து ஊர் ஸ்டென்ஹவுஸ்மியூரில் ஒண்டிக்கொண்டு, 2004ல் ஊருக்கு வெளியே புது மைதானம் திறந்தார்கள். விதி குறைந்ததால் 6,000 சொச்சம் இருக்கைகளே போதுமானதாயின. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயரும்: "ஆறாயிரம் போதும்னா, முதல்ல பத்தாயிரம்னு ஏன் சொன்னாங்க?" பிராக்வில் இருந்த இடத்தில் இப்போது சூப்பர்மார்க்கெட். நான் பாஸ்மதி அரிசி வாங்குவது அங்கேதான். பெரியவர் அங்கே போகமாட்டார். பால் வாங்கக்கூட இன்னும் கொஞ்ச தூரம் நடந்து வேறு கடைக்குப் போவார்.

*

இதுவரை சொன்னது மேல் வாசல். இதே கதைக்குக் கீழ்த் தளம் ஒன்று உண்டு, அதுவும் இதே ஊரில்.

ஃபால்கர்க்கில் இன்னொரு கிளப்பும் உண்டு. ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர். மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்கூசன் 1974ல் முதன்முதலாக மேலாளரானது இங்கேதான். 2003லிருந்து 2007 வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் அது 42 கிளப்களில் நாற்பத்திரண்டாவதாக வந்தது. 2003-04 பருவத்தில் 36 ஆட்டங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 8. ஆனாலும் கீழே இறங்கவில்லை. ஏனென்றால் அப்போது நாலாவது பிரிவுக்குக் கீழே படிக்கட்டே கிடையாது. புதிதாக யாராவது உள்ளே வர வேண்டுமென்றால் ஒரு கிளப் செத்து இடம் காலியாக வேண்டும், அல்லது லீக்கைப் பெரிதாக்க வேண்டும். அப்போதும் யார் வருவது என்பதை உள்ளே இருப்பவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

ஒரே ஊர், ஒரே காலம். முதலிடம் வந்த கிளப்பால் ஏற முடியவில்லை, கடைசி இடம் வந்த கிளப்புக்கு இறங்க வழியில்லை. வெளியே, ஹைலண்ட் லீக்கில் வருஷா வருஷம் ஜெயித்த கிளப்கள் கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வருஷம் அதே லீக்கை ஆடின.

2015ல்தான் அந்த அடித்தளத்தில் ஒரு வழி திறந்தது. ஹைலண்ட் லீக்கில் முதலிடமும், 2013ல் தொடங்கிய லோலண்ட் லீக்கில் முதலிடமும் முதலில் தங்களுக்குள் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். அதில் ஜெயித்தவர் 42ஆவது கிளப்போடு இன்னும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். அதாவது, உங்கள் லீக்கில் முதலிடம் வந்தது போதாது, இன்னொரு லீக்கின் முதலிடத்தையும் தோற்கடித்து, அதற்குப் பிறகு இறங்க வேண்டியவரை நீங்களே இறக்க வேண்டும். நடுப் பிரிவுகளிலெல்லாம் முதலிடம் வந்தால் நேராக மேலே போகலாம். இங்கே மட்டும் இந்த வேள்வி.

அப்படியும் 2025 வரை நடந்த பத்து மோதல்களில் ஆறு முறை வெளியிலிருந்து வந்தவரே ஜெயித்திருக்கிறார். எடின்பரோ சிட்டி, கோவ் ரேஞ்சர்ஸ், கெல்ட்டி ஹார்ட்ஸ், பான்னிரிக் ரோஸ், ஸ்பார்ட்டன்ஸ், ஈஸ்ட் கில்பிரைடு. முதலில் விழுந்தது, 2016ல், நம் ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர்தான். கோவ் ரேஞ்சர்ஸ் 2019ல் பெர்விக்கை இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 7-0 என்று தோற்கடித்தது. இவர்கள் உள்ளே வரத் தகுதியில்லாதவர்கள் என்று இத்தனை வருஷம் எதை வைத்துச் சொன்னார்கள்?

மேலேயும் இதே மாதிரிதான். 2014 முதல் பிரீமியர்ஷிப்பின் பதினோராவது கிளப், கீழ்ப் பிரிவில் இரண்டு முதல் நாலு வரை வந்தவர்களில் ஒருவரோடு தகுதிச் சுற்று ஆடுகிறது. மேலிருப்பவர் ஆடுவது இரண்டு ஆட்டம். கீழிருந்து வருகிறவர் அதற்குள் குறைந்தது இரண்டு, சில சமயம் நாலு ஆட்டம் ஆடிக் களைத்து வந்திருப்பார். 2025 வரை பதினொரு முறை நடந்ததில் நாலு முறைதான் கீழிருந்து வந்தவர் ஜெயித்தார். தோற்ற ஏழு பேரில், 2016ல், ஃபால்கர்க்கும் உண்டு.

*

எல்லா விதியையும் எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு எதிரான பாடத்தின் பெயர் கிரெட்னா.

இங்கிலாந்து எல்லையில் மூவாயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த காதலர்கள் கல்யாணம் செய்துகொள்ளும் இடமாகப் பேர் பெற்றது. ப்ரூக்ஸ் மைல்சன் என்ற தொழிலதிபரின் பணத்தில் அந்த ஊர்க் கிளப் பிரிவு பிரிவாக ஏறி, 2006ல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம்வரை போய், 2007ல் பிரீமியர் லீக்குக்கே வந்துவிட்டது. சொந்த மைதானம் போதாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதர்வெல்லில் வாடகைக்கு ஆடினார்கள். 2008 ஏப்ரலில் அங்கே நடந்த ஒரு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர். மைல்சன் உடல்நலம் குன்றிப் பணம் நின்றதும் எல்லாம் சரிந்தது. அந்தக் கோடையோடு கிளப்பே இல்லை. சம்பளம் வராத ஆட்டக்காரர்கள், ஊழியர்கள், பாக்கி நின்ற சிறு கடைக்காரர்கள். வாசலில் யாராவது நின்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் தவறில்லை.

ஆனால் கிரெட்னாவை மட்டும் சொல்லிவிட்டு டிங்வாலைச் சொல்லாமல் விட்டால் அது ஒருதலைப்பட்சம். டிங்வாலில் ஆறாயிரம் பேர்கூடக் கிடையாது. அங்கிருக்கும் ராஸ் கவுண்டி 2012ல் மேல் பிரிவுக்கு வந்தது. ஊர் மக்கள்தொகையைவிட மைதானத்தின் கொள்ளளவு அதிகம். இடையில் ஒரு பருவம் மட்டும் இறங்கி, 2025 வரை தாக்குப்பிடித்தார்கள். சின்ன ஊர் என்பது பிரச்சினையே இல்லை. கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. நாற்காலியை எண்ணினால் கிரெட்னா மாதிரிக் கிளப் எப்படியாவது ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்துவிடும். எண்ண வேண்டியது வேறு எதையோ.

பான்னிரிக் ரோஸ் கதை இன்னும் சங்கடமானது. எடின்பரோவுக்குத் தெற்கே, பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருக்கும் கிளப். அவர்கள் மைதானம் சரிவானது. நிஜமாகவே சரிவு, பந்தை வைத்தால் உருளுமோ என்று தோன்றும். நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு பாதி முழுக்க மேட்டை நோக்கி ஆடுகிறார்கள், இடைவேளைக்குப் பிறகு பள்ளத்தை நோக்கி. இரண்டு அணிக்கும் ஒரே சரிவுதான், யாருக்கும் அநியாயமில்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் கிளப்களுக்குப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று உரிமம் கொடுக்கிறது. வெண்கல உரிமத்துக்கான அளவைவிடச் சரிவு அதிகம் என்று 2024-25 பருவத்தில் பான்னிரிக்குக்கு ஆறு புள்ளிகள் வெட்டினார்கள். அந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் முடித்து, தகுதிச் சுற்றில் தோற்றுக் கீழே இறங்கினார்கள்.

அதற்கு முந்தைய வருஷம், 2024ல், ஹைலண்ட் லீக்கில் முதலிடம் வந்தது பக்கி திசில். வடகிழக்குக் கடலோர மீன்பிடி ஊர். வெண்கல உரிமம் இல்லை என்பதால் தகுதிச் சுற்றில் ஆடவே விடவில்லை. லீக்கை ஜெயித்தவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். 2003ல் நடந்தது 21 வருஷம் கழித்து மூன்று படிகளுக்குக் கீழே அப்படியே நடந்தது. மேலே இருந்த விதியைத் தளர்த்திய பிறகு, அதே மாதிரி ஒன்றைக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

*

விதியே வேண்டாம் என்பதல்ல, விதி நியாயமாக இருக்க நாலு விஷயம் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நான் சட்டம் படித்தவன் இல்லை, இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குள் சேர்ந்தது.

ஒன்று, அளவு தேவைக்கு ஏற்ப இருக்க வேண்டும். நாலாயிரம் பேர் வருகிற இடத்துக்கு நாலாயிரம் பேரின் பாதுகாப்பு. இரண்டு, ஜெயித்த பிறகு கட்ட அவகாசம் வேண்டும். மேலே போனால்தான் பணம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்போது, பணம் வருவதற்கு முன் கட்டு என்பது வராதே என்று சொல்வதற்குச் சமம். மூன்று, ஒருவருக்குக் காட்டிய சலுகை அடுத்தவருக்கும் வேண்டும். நாலாவதுதான் அப்பாவின் கேள்வி: இறங்க வேண்டியவரும் அவருடைய கூட்டாளிகளும் உட்கார்ந்து ஓட்டுப் போட்டு, ஏற வேண்டியவரைத் தீர்மானிக்கக்கூடாது.

இந்த நாலாவது நடக்காதவரை மற்ற மூன்றும் கோடைக்குக் கோடை மாறும். 2020ல் கொரோனா வந்து பருவம் பாதியில் நின்றபோது அதைத்தான் பார்த்தோம். ஆட்டம் ஒன்றுக்கு எத்தனை புள்ளி என்று சராசரி போட்டு முடிவை அறிவித்தார்கள். அதை ஏற்பதா என்று கிளப்களே ஓட்டுப் போட்டன. எட்டு ஆட்டங்கள் மீதியிருக்க ஹார்ட்ஸ் இறக்கப்பட்டது. இரண்டே புள்ளி பின்தங்கி, ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருந்த பார்ட்டிக் திசில் இறக்கப்பட்டது. இரண்டும் வழக்குப் போட்டன, தோற்றன. கெல்ட்டி ஹார்ட்ஸும் ப்ரோரா ரேஞ்சர்ஸும் அந்த வருஷம் தகுதிச் சுற்றே இல்லாமல் வெளியே நின்றன. மூன்றாவது பிரிவில் முதலிடம் ரெய்த் ரோவர்ஸ். அவர்களைவிட ஒரே ஒரு புள்ளி குறைவாக இருந்து ஏற முடியாமல் போன கிளப் எது என்று நான் சொல்லவே வேண்டாம்.

அந்தச் செய்தி வந்த அன்று பெரியவர் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, "பழகிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் பழகியதாகத் தெரியவில்லை.

ஃபால்கர்க் 2024ல் மூன்றாவது பிரிவை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெயித்தது. 2025ல் இரண்டாவது பிரிவையும் ஜெயித்துப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு மேல் பிரிவுக்கு வந்தது. இம்முறை நாற்காலி போதும், யாரும் எண்ணவில்லை. பெரியவருக்கு இப்போது நடக்க முடியவில்லை, மகன் காரில் கூட்டிப்போகிறார். அப்பா இல்லை. இருந்திருந்தால் ஃபோனில் சொல்லியிருப்பேன். "அரியர்ஸ் உண்டா?" என்று கேட்டிருப்பார்.

ஆனால் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024ல் பிரீமியர்ஷிப் கிளப்கள் கூடி, 2026-27 பருவத்திலிருந்து மேல் பிரிவில் செயற்கைப் புல்தரை கூடாது என்று ஓட்டுப் போட்டன. ஆட்டக்காரர்களுக்கு இயற்கைப் புல்தான் பிடிக்கும், அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் சின்னக் கிளப்களுக்குச் செயற்கைத் தரை என்பது வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் இடம். மழையிலும் உறைபனியிலும் ஆட்டம் ரத்தாகாது. 2025ல் மேலே வந்த ஃபால்கர்க், 2013லிருந்து செயற்கைத் தரையில் ஆடுகிற கிளப். அந்த ஓட்டெடுப்பு நடந்தபோது அவர்கள் கீழே இருந்தார்கள், அவர்களுக்கு ஓட்டு இல்லை.